பெயரைப் பறிகொடுத்த வீரர்

மோட்டார் பட்டறையில் பிளக்கைக் கழற்றிக் கரி துடைப்பதைக் கண்டிருப்பீர்கள். பீங்கான் பொதிந்த அச்சிறு பொருளில் எழும் பொறிதான் எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கிறது. பழைய பிளக்குகள் சிலவற்றில் சாம்பியன் என்றும், சிலவற்றில் ஏ.ஸி. என்றும் பொறித்திருக்கும். இரண்டும் ஒரே மனிதரின் பெயர் என்றால் நம்புவீர்களா?

அவர்தாம் ஆல்பர்ட் சாம்பியன். சாம்பியன் என்பது அவர் குடும்பப் பெயரே. வென்று பெற்ற பட்டமன்று. 1878-ல் பாரிஸ் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். முன்னே மோட்டார் வண்டி காற்றைக் கிழித்துச் செல்ல, அதன் பின்னே ஒட்டினாற்போல் சைக்கிள் மிதித்துப் பறப்பதில் வல்லவரானார். 1899-ல், தம் 21-ம் வயதில், பாரிஸ்-ரூபே என்ற பெயர்பெற்ற பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

மறு ஆண்டே அமெரிக்கா சென்றார். அங்கே மோட்டார் சைக்கிளில் ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் கடந்து காட்டினார். பிறகு பந்தயக் கார்மீது ஆசை விழுந்தது. 1903-ல் நியூயார்க் நகரின் பிரைட்டன் பீச் களத்தில் பாக்கார்டு கார் விபத்துக்குள்ளாகித் தொடையெலும்பு முறிந்தது. எலும்பு கூடியபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. வேறொருவராயின் சைக்கிளை விற்றிருப்பார். இவரோ 1904-ல் பிரான்சுக்குத் திரும்பி, அந்தக் காலோடு மிதித்து, மோட்டாரின் பின்னோடும் பந்தயத்தில் தேச வீரரானார். பிடிவாதம் என்பதா, பைத்தியம் என்பதா? நீங்களே சொல்லுங்கள்.

பந்தயத்தை அத்துடன் விட்டார். 1905-ல் பாஸ்டன் நகரில் கூட்டாளிகளுடன் தம் பெயரால் கம்பெனி தொடங்கி, எஞ்சினுக்கான மின்பொறிச் சாமான்கள் விற்றார். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸை நிறுவிய டூரண்ட் அழைக்க, பிளின்ட் நகருக்குப் பெயர்ந்து பிளக் செய்யலானார். பழைய கூட்டாளிகளோ சாம்பியன் என்ற பெயரை விடவில்லை. பிறக்கும்போதே வந்த பெயரைத் தம் சரக்கின்மேல் எழுத அவருக்கே உரிமையில்லை! 1922-ல் கம்பெனியின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. பெயரின் முதலெழுத்துகளான ஏ.ஸி. மட்டுமே அவருக்கு மிஞ்சின.

1927 மே மாதம் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலைத் தாண்டி, 33 மணி நேரத்துக்கு மேல் பறந்து பாரிஸில் இறங்கினாரல்லவா? அவ்விமான எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள்; சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள். பதினெட்டும் ஏ.ஸி. பிளக்குகளே.

அவ்வருடம் அக்டோபரில், பிறந்த பாரிஸ் நகருக்கு வந்திருந்த இடத்தில் சாம்பியன் திடீரென்று காலமானார். வயது 49.