இடையன்குடிக் கோயில் கண்ட கால்டுவெல் ஐயர்

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதோர் ஊரில் குடியேறி வாழ்வோர்க்கு, வந்த ஊர் எந்நாளில் சொந்த ஊர் ஆகின்றது என்பது ஒரு கேள்வி. அயர்லாந்தில் பிறந்து, தென்பாண்டி நாட்டுத் தேரி மணலில் ஐம்பதாண்டு வாழ்ந்து, தாம் எழுப்பிய கோயிலிலேயே துயில் கொண்ட கால்டுவெல் ஐயரின் வரலாறு அதற்கு ஒருவாறு விடை கூறும்.

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7-ஆம் நாள் ஸ்காத்லாந்துப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றார். ஆயினும் சமயப் பணியில் நாட்டம் மிகவே, தூரிகையைத் துறந்து கிளாஸ்கோ பல்கலைக் கழகம் புகுந்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்போர்டு என்பார் நடத்திய பாடங்கள், மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருள்ளத்தில் விதைத்தன. 1837-இல் பட்டம் பெற்று, லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் கப்பலேறினார். வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மோதி மூழ்கியது. அதில் வந்தவர் பலர் மாண்டனர். ஐயரின் கப்பலோ தப்பியது. 1838 ஜனவரி 8-ஆம் நாள் அவர் சென்னைக் கரையில் இறங்கினார்.

மூன்றாண்டு சென்னையில் தமிழ் பயின்றபின், ஆங்கிலத் திருச்சபையின் எஸ். பி. ஜி. சங்கத்தில் சேர்ந்தார். 1841-இல் சென்னையினின்று நீலகிரி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குக் கால்நடையாகவே சென்றார். மக்களையும் அவர்தம் பேச்சையும் அறிய அதுவே நல்வழி என்று கருதினார் போலும்! அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

அந்நாளைய இடையன்குடி செம்மணலும் பனையும் மண்டிய சிற்றூர். பனையேறிப் பிழைப்போரே பெரும்பாலார். ஐயர் நேரான தெருக்கள் வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், மரங்கள் நட்டார், பள்ளி நிறுவினார். 1844-இல் நாகர்கோவில் மிஷனரி மால்ட் அவர்களின் மகளார் எலைசா அம்மையாரை மணந்தார். தென்னாட்டுப் பேச்சுத் தமிழில் நன்கு பழகிய அவ்வம்மையார் பெண் மக்களுக்குக் கல்வியோடு பின்னல் வேலையும் கற்பித்தார். ஏழை மகளிர் தம் கையால் பொருளீட்ட அத்தொழில் துணையாயிற்று.

1847-இல் ஐயர் திரித்துவ ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். கூர்முனை வளைவுகளைக் கொண்ட மேனாட்டுக் கோதிக் முறையில் அமைய வேண்டிய கோயில் அது. உள்ளூர்க் கொத்தரும் தச்சரும் அம்முறையைக் கண்டறியாதவர். எனவே ஐயர் சாளரங்களுக்கும் வாயில்களுக்கும் தாமே மாதிரி உருக்கள் செய்து காட்டினார். டப்ளினில் கைவிட்ட கலை இடையன்குடியில் கைகொடுத்தது. வேலை சிறுகச் சிறுக வளர்ந்து, 1880-இல் கோயில் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. முப்பத்து மூன்று ஆண்டுப் பொறுமை அது! அடிக்கல் நாட்டியபோது இளைஞராயிருந்த ஐயர், அறுபத்தாறு வயது முதியவராய் அந்நாளைக் கண்டார்.

கோயில் எழும்பிய காலத்திலேயே மற்றொரு கட்டடமும் எழும்பியது. 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே அது. தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதை எல்லிஸ் துரை 1816-இலேயே சுட்டியிருந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றோடு தோடர், கோத்தர், கோண்டர் முதலிய மலைவாணர் மொழிகளையும் ஆராய்ந்து, அதனை விரிவாக நிறுவியவர் கால்டுவெல். 1877-இல் அவர் அத்தியட்சராக உயர்த்தப்பெற்றார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார்.

எனினும் குறையொன்றையும் கூறாமல் விடுதல் நேர்மையன்று. பனையேறும் மக்களைப் பற்றி 1849-இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அம்மக்களின் பூர்விகத்தையும் இயல்பையும் தாழ்த்திக் கூறிய அந்நூல் அவர்கள் நெஞ்சைப் புண்படுத்தியது. அவர் எவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தாரோ, அச்சமூகத்தாரே பின்னாளில் அந்நூலைப் படித்துக் கண்டித்து எழுந்தனர். அன்பு செய்தவரும் அயலாரின் கண்கொண்டு நோக்கிப் பிழைபடுவதுண்டு. அப்பிழையைச் சுட்டிக்காட்டும் வன்மையை அம்மக்கள் பெற்றதற்கு, அவர் திறந்த பள்ளிகளும் ஒரு காரணம் என்பது எண்ணத்தக்கது.

1891 ஜனவரியில் பணியினின்று ஓய்வு பெற்ற ஐயர், தாயகம் திரும்பாமல் கோடைக்கானல் சென்று தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கே காலமானார். அவருடல் மலையினின்று இறக்கப்பட்டு, நெடுவழி கடந்து, இடையன்குடிக்குக் கொணரப்பட்டது. தாம் கட்டிய கோயிலின் பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பெற்றார். 1968-இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆயினும் அவருக்கு உற்ற நினைவுச்சின்னம், ஞாயிறுதோறும் ஊரார் கூடி வழிபடும் அச்சிற்றூர்க் கோயிலேயாகும்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவர் வாழ்க்கை உணர்த்துவது இதுவே: வந்த இடத்து மொழியைக் கற்று, அங்குள்ளாரோடு உழைத்து, நமக்குப் பின்னும் நிற்பதொன்றை விட்டுச் செல்வோமாயின் அவ்வூர் நம்மூராகும். அங்குள்ளாரைத் தாழ்வாக எண்ணும் ஒரு சொல் அவ்வுறவில் ஆறாத வடுவாகும். இரண்டையும் நினைவிற் கொள்வோமாக!