ராமு செத்தப்ப அழுதவங்க கை தூக்குங்க

போன செமஸ்டர் கடைசி வாரம், கரண்ட் போன ஒரு ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். சின்ன வயசுல எந்தக் கார்ட்டூன் படம் பார்த்துப் பயந்தீங்கனு பேச்சு வந்துச்சு. நாலு பேருக்கு ஒரே பதில்: 'லயன் கிங்'. மலை இடுக்குல காட்டுமாட்டுக் கூட்டம் பாய்ஞ்சு வர, முஃபாசா கீழே விழற சீன். ஒருத்தன் 'ஃபைண்டிங் நீமோ'னான். படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அம்மா மீன் இல்லாமப் போயிடும்ல, அது. இன்னொருத்தன் 'பேம்பி'. 1942-ல வந்த படத்தை 2010-க்கு அப்புறம் சிடியில பார்த்து அழுதிருக்கான்!

என் முறை வந்தப்ப நான் 'நல்ல நேரம்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது கார்ட்டூன் இல்லைடா, எம்.ஜி.ஆர் படம்டா.

சிரிங்க, பரவாயில்லை. தீபாவளி அன்னிக்கு சிவகாசியில வளர்ந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? வெளியே ஊரே வெடிக்கும். எங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில பதுங்கிக் கிடக்கும். டிவியில பழைய படம் ஓடும். தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருஷம் வேலை பார்த்த எங்க ஆச்சி, வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் காலை நீட்டி உட்கார்ந்து படம் பார்க்கும். அப்படிப் பார்த்ததுதான் 'நல்ல நேரம்'. கிளைமாக்ஸ்ல துப்பாக்கிக் குண்டை வாங்கிக்கிட்டு ராமுங்கிற யானை சாயும்போது எனக்கு ஆறு வயசு. சிங்கமோ மீனோ செத்தா வரைஞ்ச படம்னு சொல்லி அம்மா சமாதானப்படுத்தலாம். ராமு நிஜ யானை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்ல துதிக்கையைத் தூக்கி என் தலையில வெச்சுச்சே, அதே மாதிரி யானை.

அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்த ஆள் யாருன்னு தேடினா, சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். இனி அவர் கதை.

1915-ல கோயம்புத்தூர் ராமநாதபுரத்துல பொறந்தவர். ஏழைக் குடும்பம், படிப்பு ஆரம்பப் பள்ளியோட சரி. அப்புறம் மில் வேலை, பால் வியாபாரம், சோடா வியாபாரம்னு கிடைச்சதெல்லாம் செஞ்சார். ஒண்ணை மட்டும் விடலை: உடற்பயிற்சி. சாண்டோங்கிறது அவர் குடும்பப் பேர் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னாடி உலகம் முழுக்கப் பேர் வாங்கின யூஜின் சாண்டோங்கிற பயில்வானோட பேர். உடம்பை ஏத்தினவங்க பேருக்கு முன்னாடி அதை ஒட்டிக்கிட்டது அந்தக் காலத்து வழக்கம். நாம போடுற சாண்டோ பனியனும் அவர் பேர்லதான் வந்துச்சு. (கடைக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க, நம்ப மாட்டார்.)

அப்போ கோவையிலயே ஸ்டுடியோ இருந்துச்சு. பயில்வான்களுக்கு சினிமாவுல சண்டை வேஷம் கிடைக்கும். அங்கதான் இன்னொரு வாய்ப்புத் தேடுற ஆளோட தேவருக்கு நட்பாச்சு. அந்த ஆள் எம்.ஜி.ஆர். 1947-ல எம்.ஜி.ஆர் முதல்முறையா ஹீரோவான 'ராஜகுமாரி' படத்துல அவரோட மோதுற முரடன் தேவர். திரையில அடிச்சுக்கிட்டவங்க வெளியில கூட்டாளி.

1956-ல தேவர் பிலிம்ஸ் ஆரம்பம். முதல் படம் 'தாய்க்குப் பின் தாரம்', ஹீரோ எம்.ஜி.ஆர், டைரக்ஷன் தம்பி எம்.ஏ. திருமுகம். அந்தப் படத்திலேயே காளை வந்தாச்சு. எம்.ஜி.ஆர் காளையை அடக்குற சீன்தான் படத்தோட பேச்சே. அதுக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம். 1961-ல 'தாய் சொல்லைத் தட்டாதே' வர வரைக்கும் சேரலை. இடைப்பட்ட காலத்துல வேற நடிகர்களை வெச்சுப் படம் எடுத்தார். 1960-ல வந்த 'யானைப்பாகன்' அதுல ஒண்ணு. சேர்ந்த பிறகு பார்த்தா வரிசையா படம். 1956-லிருந்து 1972 வரைக்கும் மொத்தம் 16. வேற எந்தத் தயாரிப்பாளரும் எம்.ஜி.ஆரை வெச்சு இத்தனை எடுக்கலை. பூஜை போடும்போதே ரிலீஸ் தேதியைச் சொல்லிடுவார், நடிகருக்குச் சம்பள பாக்கி வைக்க மாட்டார்னு கோடம்பாக்கத்துல இன்னிக்கும் சொல்வாங்க. நம்ம ப்ராஜெக்ட் சப்மிஷனை நினைச்சா அழுகை வருது.

பெரிய முருக பக்தர். மருதமலை கோயில் திருப்பணிக்குக் கொட்டிக் கொடுத்தவர். தொழில்ல முருகனும் பங்குதாரர்னு கணக்கு வெச்சு, லாபத்துல கோயில்களுக்குப் பங்கு பிரிச்சவர். பக்திப் படமும் எடுத்தார். 1969-ல வந்த 'துணைவன்'ல குட்டி முருகனா நடிச்ச குழந்தைதான் பின்னாடி ஸ்ரீதேவி. அந்தப் பக்கம் இதோட விடுறேன். எனக்கு யானைதான் முக்கியம்.

1967-ல 'தெய்வச் செயல்'னு ஒரு படம். மேஜர் சுந்தர்ராஜன் முக்கிய வேஷம், கூட யானை. படம் ஓடலை. வேற யாரா இருந்தாலும் யானையும் வேண்டாம், பூனையும் வேண்டாம்னு கும்பிடு போட்டிருப்பாங்க. தேவர் அந்த யானைக் கதையைத் தூக்கிக்கிட்டு இந்திக்குப் போனார். அப்போ ராஜேஷ் கன்னா உச்சத்துல இருந்த நேரம். அவருக்குக் கதை திருப்தியா இல்லைன்னதும், திரைக்கதையைத் திருத்த ரெண்டு இளைஞர்கள் வந்தாங்க: சலீம் கான், ஜாவேத் அக்தர். பின்னாடி 'ஷோலே' எழுதின அதே ஜோடி. 1971-ல 'ஹாத்தி மேரே சாத்தி' வெளியாகி வடக்கையே ஆட்டிப் பார்த்துடுச்சு. இந்தி பேசத் தெரியாத கோயம்புத்தூர்க்காரர், ஓடாமப் போன ஒரு தமிழ்ப் படக் கதையை வெச்சு சாதிச்சது அது. அடுத்த வருஷமே அதைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அதுதான் 'நல்ல நேரம்'. எம்.ஜி.ஆரோட அவர் எடுத்த கடைசிப் படமும் அதுதான்.

இந்திக் கதையைச் சுருக்கமாச் சொல்றேன். அனாதைப் பையனைச் சிறுத்தைகிட்ட இருந்து யானைகள் காப்பாத்துது. வளர்ந்ததும் அதுங்களோட தெருவுல வித்தை காட்டிப் பிழைக்கிறான், பணக்காரனாகுறான், கல்யாணம் ஆகுது, குழந்தை பொறக்குது. யானையால குழந்தைக்கு ஆபத்து வந்துடுமோனு மனைவிக்குப் பயம். நானா, யானையானு கேட்டுடுறா. பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்த்து வைக்கப் போய் ராமு உயிரை விடுது.

இதை 'பேம்பி'யோட வெச்சுப் பாருங்க. அதுல அம்மா மானைச் சுடுறது திரையில வராது. வேட்டுச் சத்தம் மட்டும் கேட்கும், அப்புறம் பனி விழும், குட்டி தேடும். காட்டாமலே பயமுறுத்துறது டிஸ்னி வழி. தேவர் வழி நேர் எதிர். குண்டு பாயறது தெரியணும், யானை சாயறது தெரியணும், ஊரே அழுறது தெரியணும். எது சிறந்ததுன்னு நம்ம ஃபிலிம் கிளப் சண்டை போட்டுக்கட்டும். ஆறு வயசுல என் தூக்கத்தைக் கெடுத்தது ரெண்டாவதுதான்.

ஆனா இங்க ஒரு உறுத்தல் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்லை. 'லயன் கிங்'ல அந்தக் காட்டுமாட்டுக் கூட்டம் ஓடுறது ரெண்டரை நிமிஷம் போல. 1994-ல அதைச் செய்யக் கம்ப்யூட்டர் டீமுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒண்ணு இன்னொண்ணு மேல மோதாம ஓடுறதுக்குத் தனியா ப்ரோக்ராம் எழுதினாங்க. ஒரு மாட்டுக்கும் கால்ல கீறல் விழலை. தேவர் படத்துல எல்லாமே உயிருள்ளது. யானை, பாம்பு, சிறுத்தை, ஆடு. அன்பு காட்டுனு சொல்ற படத்துக்காக யானைக்கு வித்தை பழக்கியாகணும். 'ஹாத்தி மேரே சாத்தி'க்காக விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தேவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது உண்மை. அவர் படம் எடுத்த அதே சென்னையில, ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில 1962-லயே விலங்குகள் நல வாரியம் ஆரம்பிச்சதும் உண்மை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறேன், சட்டுனு தீர்ப்பு சொல்ல வரலை. சிங்கம், புலி, கரடி, குரங்கை எல்லாம் பழக்கி வித்தை காட்டுறதுக்குத் தடை வந்தது அவர் போன பிறகு ரொம்ப வருஷம் கழிச்சு. இன்னிக்குத் தேவர் இருந்தா அவர் யானை ஏதாவது ஒரு கிராபிக்ஸ் கம்பெனி சர்வர்லதான் நிக்கும். அந்த சர்வரைப் பார்த்துக்கிற வேலைக்கு நம்ம டிபார்ட்மென்ட்ல இருந்தே ஆள் போவாங்க.

யானையோட அவர் நிக்கலை. 'வெள்ளிக்கிழமை விரதம்' (1974) பாம்பு. 'ஆட்டுக்கார அலமேலு' (1977) ஆடு. அந்தப் பாம்புப் படத்தைப் பத்தி எங்க அம்மாகிட்ட பேச்செடுத்தா இப்பவும் காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்குவாங்க. ரெண்டுலயும் சிவகுமார்தான் ஹீரோ, ஆனா போஸ்டர்ல ஜனங்க தேடினது யாரைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

1978 செப்டம்பர்ல தேவர் இறந்தார். வயசு 63. ரஜினியை வெச்சு அவர் எடுத்த 'தாய் மீது சத்தியம்' அந்த வருஷத் தீபாவளிக்குத்தான் வந்துச்சு, அவர் இல்லாம. அதுலயும் குதிரையும் நாயும் உண்டு. அடுத்த வருஷம் ரஜினியோட 'அன்னை ஓர் ஆலயம்', 1981-ல கமலோட 'ராம் லட்சுமண்'னு அவர் கம்பெனி யானையை விடாமப் பிடிச்சிருந்துச்சு.

இதை எழுதுறதுக்காகப் போன தடவை ஊருக்குப் போனப்ப ஆச்சியை உட்கார வெச்சு 'நல்ல நேரம்' முழுசாப் போட்டேன். தெரு முனையில எவனோ மிச்சம் வெச்ச குருவி வெடியை ஒண்ணொண்ணா வெடிச்சுக்கிட்டு இருந்தான். நாய் வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில. யானைங்க வித்தை காட்டுறப்ப எல்லாம் ஆச்சி சிரிச்சு ரசிச்சுது. வில்லன் துப்பாக்கியை எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மெதுவா எழுந்து, அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு உள்ளே போயிடுச்சு. பின்னாடியே போய்ப் பார்த்தேன். அடுப்பே பத்த வைக்கலை.