சரபோஜி மஹாராஜாவின் புத்தகச் செல்வம்

ஒரு சாஸ்திர உண்மை உலகத்தாருக்கு முதன்முதலாக அச்சில் வெளிப்பட்ட புத்தகத்தைத் தேடிச் சேர்ப்பது மேனாட்டாரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்னிக்கஸ் எடுத்துரைத்த நூல் 1543-ஆம் வருஷம் நூரெம்பர்க் நகரில் அச்சாயிற்று. நியூட்டனின் பிரின்ஸிபியா 1687-இல் லண்டனில் வெளிவந்தது. அதன் முதற்பதிப்புப் பிரதி ஒன்று 2016-இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 37 லக்ஷம் டாலருக்கு விலைபோயிற்று. நம் தேசமும் இதில் பங்கில்லாததன்று. இந்திய மூலிகைகளைப் பற்றி கார்ஸியா தா ஓர்த்தா எழுதிய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சிடப்பட்டது. அதன் முதற்பதிப்பு இன்று கிடைத்தற்கரியது.

பொன்னும் மணியும் சேர்ப்பதுபோல் இத்தகைய நூல்களைச் சேர்த்துப் பூட்டிவைப்போர் உண்டு. படிப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் என்றே சேர்த்தோர் மிகச் சிலர். கோயம்புத்தூரிலிருந்து ஒரே பகல் ரயில் பிரயாணத்தில் சென்றடையக்கூடிய தஞ்சை மாநகரில் அத்தகைய ஒருவர் வாழ்ந்திருந்தார். அவரே இரண்டாம் சரபோஜி மஹாராஜா. நாம் இன்று அருமைப் பொருள்களாக எண்ணி வியக்கும் நூல்கள் பல, அவர் கைக்கு வந்த காலத்தில் புத்தம் புதிய செய்திகளாக இருந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பலில் மாதக்கணக்கில் காத்திருந்து அவற்றை அவர் தருவித்தார்.

சரபோஜி 1777-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பிறந்தார். பிள்ளையில்லாத துளஜா மஹாராஜா தம் அந்திய காலத்தில் அவரைத் தத்து எடுத்துக்கொண்டு, 1787-இல் காலமானார். அந்தத் தத்து சாஸ்திரப்படி செல்லாது என்று சில பண்டிதர்கள் கூறினர். கும்பெனியார் அதை ஏற்றுத் துளஜாவின் சகோதரர் அமரசிங்குக்குப் பட்டம் கட்டினர். பாலகராகிய சரபோஜி அரண்மனையில் கல்வியின்றி அடைபட்டுக் கிடந்தார். அவருக்காகப் பரிந்து பேசியவர் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். அவருடைய முயற்சியால் 1793-இல் சிறுவர் சென்னைக்கு அனுப்பப்பட்டு, இங்கிலீஷும் கணிதமும் பூகோளமும் கற்கத் தொடங்கினார். பாதிரியாரைத் தந்தைபோல் போற்றிய சரபோஜி தம் குலமதத்தை விட்டு விலகவில்லை என்பதும் இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது. பின்னர்ப் பண்டிதர்கள் மீண்டும் விசாரிக்கப்பட்டனர். தத்து செல்லும் என்று தீர்ந்தது. 1798-இல் அவர் சிங்காதனம் ஏறினார்.

ஏறிய மறு வருஷமே அதன் பொருள் போய்விட்டது. 1799-ஆம் வருஷம் மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் மடிந்து, நமது கொங்கு நாடு கும்பெனியார் வசமாயிற்று. அதே வருஷம் அக்டோபரில் சரபோஜி கையொப்பமிட்ட உடன்படிக்கையால் தஞ்சை ராஜ்யத்தின் ஆட்சியும் கும்பெனிக்குச் சென்றது. மன்னருக்கு மிஞ்சியவை கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லக்ஷம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குமே. வயது இருபத்திரண்டு; கையில் பணமுண்டு, அதிகாரமில்லை, வேலையுமில்லை. இந்நிலையில் மூழ்கிப்போன சிற்றரசர் எத்தனை பேர் என்பதைச் சரித்திரம் படித்தோர் அறிவர்.

சரபோஜி புத்தகங்களை நாடினார். நாயக்க மன்னர் காலத்திலிருந்தே தஞ்சை அரண்மனையில் ஓர் ஏட்டுச் சாலை இருந்துவந்தது. அதைச் சரஸ்வதி மஹால் என்று உலகம் அறியச் செய்தவர் இவரே. லண்டனில் வில்லியம் டோரின் என்பவர் அவருக்காக நூல்களை வாங்கிக் கப்பலேற்றினார். இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் முதலிய பாஷைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. வைத்தியம், ரஸாயனம், தாவர நூல், வான நூல், சித்திரம், சங்கீதம் என்று அவர் தொடாத துறை அரிது. பல நூல்களில் அவர் கையொப்பம் இங்கிலீஷில் காணப்படுகிறது. 1789-இல் பாரிஸில் முதலில் வெளிவந்து, நவீன ரஸாயனத்துக்கு அஸ்திவாரமிட்ட லவாஸியேயின் நூல் சரஸ்வதி மஹாலில் இருக்கிறது. அதை எழுதியவரை பிரெஞ்சுப் புரட்சிக்காரர் 1794-இல் சிரச்சேதம் செய்தனர். அவர் நூலுக்கோ காவிரி நாட்டில் ஓர் அரசர் ஆசனம் அளித்தார்.

நூல்கள் அலமாரியோடு நிற்கவில்லை. தன்வந்தரி மஹால் என்னும் வைத்தியசாலையை அவர் அமைத்தார். அங்கே நம் நாட்டு வைத்தியமுறைகளும் மேனாட்டு முறைகளும் அருகருகே வைத்து ஆராயப்பட்டன. அநுபவத்தில் கண்ட மருந்துகள் தமிழ்ச் செய்யுளாகத் தொகுக்கப்பட்டு, சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் இன்றும் வழங்குகின்றன. கண்நோயாளர்களைப் பற்றிய குறிப்பேடுகள், கண்ணின் படங்களோடு, அந்நூல்நிலையத்தில் காக்கப்பட்டிருக்கின்றன. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் வழிப்போக்கருக்கு அன்னமும், பிள்ளைகளுக்குக் கல்வியும், நோயாளருக்கு மருந்தும் அளிக்கப்பட்டன. தேவநாகரி எழுத்துக்கள் கொண்ட அச்சுக்கூடம் ஒன்றையும் அவர் நிறுவினார். ஈசாப்பின் கதைகள் மராத்தியில் அங்கே அச்சாயின.

இவையெல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்வது அவர் மராத்தியில் இயற்றிய தேவேந்திரக் குறவஞ்சி. குறத்தி வந்து குறி சொல்லும் நாடகம் தமிழ்நாட்டில் பாமரரும் அறிந்தது. அந்தக் குறத்தியின் வாயில் உலகப் பூகோளத்தையே பாட்டாக வைத்தார் மன்னர். கண்டங்களும் தேசங்களும் மேனாட்டுப் படப்புத்தகத்திலிருந்து இறங்கி, நம் மேடைக்குப் பழகிய கூத்தாயின. புது அறிவை ஜனங்களிடம் கொண்டுசெல்ல அவர்களுக்குப் பழக்கமான பாதையே நல்ல பாதை என்பதை அவர் கண்டிருந்தார்.

1820-இல் அவர் புறப்பட்ட காசி யாத்திரையும் புண்ணியத்தோடு நின்றுவிடவில்லை. ஸம்ஸ்கிருத ஏட்டுப் பிரதிகள் பல அங்கிருந்து தஞ்சைக்கு வந்து சேர்ந்தன. 1826-இல் ஹீபர் என்ற பிரதம பாதிரியார் தஞ்சைக்கு வந்து மன்னரைக் கண்டார். லவாஸியே, லின்னேயஸ், பூபோன் முதலியோரின் கருத்துக்களை மன்னர் சரளமாக எடுத்தாண்டதைக் கேட்டு அவர் வியப்புற்றார். சில தினங்களில் ஹீபர் திருச்சிராப்பள்ளியில் காலமானார். ஆனால் அவர் எழுதிவைத்த வார்த்தையால் சரபோஜியின் கல்விப் புகழ் இங்கிலாந்தில் பரவியது. 1832-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் மன்னர் மறைந்தார்.

அவர் சேர்த்த செல்வத்துக்குப் பெரிய ஆபத்து அதன் பின்னரே வந்தது. மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். கும்பெனியார் பட்டம் ஒழிந்தது என்று கூறியதோடு நில்லாமல், அரண்மனையையும் அதிலிருந்த சொந்த ஆஸ்திகளையும் கைப்பற்றினர். மூத்த ராணி காமாக்ஷி பாய் அஞ்சாமல் வழக்காடினார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1859-இல் லண்டன் பிரிவி கௌன்ஸில் அதை மாற்றியது: கைப்பற்றியது ராஜ்ய அதிகாரச் செயலென்றும், அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லையென்றும் முடிவு செய்தது. சட்டம் பயில்வோர் இன்றும் அந்த வழக்கைப் படிக்கின்றனர். நீதிமன்றம் கொடுக்க மறுத்ததை 1862-இல் சர்க்கார் சலுகையாகத் திருப்பிக் கொடுத்தனர். அந்தச் சலுகை கிடைத்திராவிடில் அரண்மனைப் பொருள்களோடு புத்தகங்களும் எந்த ஏலத்தில் எவர் கைக்குப் போயிருக்குமோ!

1918-இல் சரஸ்வதி மஹால் பொதுஜன நூல்நிலையமாயிற்று. அன்றுதான் அந்தச் செல்வத்துக்கு உண்மையான காவல் ஏற்பட்டது என்போம். அரசருடைய சொத்தாக இருந்தவரையில் அரசர் குடும்பத்தின் தலைவிதியே அதன் தலைவிதியாக இருந்தது. பொதுமக்களின் சொத்தான பிறகு அதற்கு வாரிசு இல்லாமற்போவது என்பதே கிடையாது.

சரபோஜியின் முயற்சிக்கு ஒரு குறையும் உண்டு. அவர் அச்சுக்கூடத்தின் எழுத்து தேவநாகரி; சுற்றியிருந்த உழவர் பேசியதோ தமிழ். லண்டனிலிருந்து வந்த சாஸ்திரம் கோட்டை வாசலைத் தாண்டிக் குடியானவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர இன்னொரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

அந்தப் பணியில் நமது கோவைக்கும் பெருமையுண்டு. 1912-இல் இங்கே ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் உழைத்து, 1918-இல் கோ 205 என்னும் கரும்பை நாட்டுக்கு அளித்தனர். நியூட்டனின் நூல் லண்டனுக்கு எப்படியோ, அந்த ஆராய்ச்சியை முதலில் வெளியிட்ட அறிக்கைகள் கோவைக்கு அப்படியே. 1940-களின் இறுதியில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய கலைக்கதிர், விஞ்ஞானத்தைத் தமிழில் மாதந்தோறும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதன் ஆரம்ப இதழ்களும் முதற்பதிப்புகளே. ஆனால் தோல் அட்டையும் பொன்னெழுத்தும் இல்லாத காரணத்தால் இவற்றை எவரும் புதையலாகக் கருதுவதில்லை. பரணிலிருந்து இறங்கிப் பழைய காகிதக்காரரின் தராசுக்குப் போகின்றன.

ஆலைகளைக் கட்டியது கொங்கு நாடு. இயந்திரங்களைத் தேடிச் சேர்த்துக் காட்சிக்கு வைத்த ஜி. டி. நாயுடுவைத் தந்ததும் இந்நாடே. அச்சிட்ட காகிதத்துக்கும் அதே அக்கறை வேண்டும். பழைய விவசாய அறிக்கைகளோ, விஞ்ஞான சஞ்சிகைகளோ, பாடப்புத்தகங்களோ வீட்டில் வைத்திருப்போர் அவற்றை விலைக்குப் போடுமுன் அருகிலுள்ள கல்லூரி நூல்நிலையத்தாரிடம் ஒருமுறை காட்டவேண்டும். நூல்நிலையத்தாரும் இடமில்லை என்று திருப்பாமல் பெற்று, பெயரெழுதி, பட்டியலிட்டு, படிப்போருக்குத் திறந்துவைக்க வேண்டும். ராஜ்யத்தை இழந்த ஒருவர் தனியே செய்து முடித்த காரியம் இது. ஊர் கூடினால் ஆகாததொன்றில்லை.