ரஹீம் சாகிப் – எல்லைக்கோட்டில் நின்ற ஆசிரியர்

உதைபந்தாட்டப் போட்டியொன்று முடிவுற்றதும் கூட்டத்தினர் தோளிலே தூக்கிச் செல்வது கோல் போட்ட வீரனைத்தான். அவனுடைய கால்களைப் பழக்கி விட்டவரைத் தேடிச் சென்று நன்றி கூறுவோர் மிகச் சிலரே. பள்ளி மைதானத்திலே பந்துதைத்து வளர்ந்த நாமும் இக்குற்றத்திற்கு விலக்கானவர்கள் அல்லர். அக்குறையை ஓரளவேனும் நீக்கக் கருதி, மைதானத்தின் எல்லைக்கோட்டில் நின்றே ஒரு தேசத்தின் ஆட்டத்தை உயர்த்திய ஐதராபாத் ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம் அவர்களின் வரலாற்றை எமது வாலிப அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் கற்ற காலத்திலே அதன் உதைபந்தாட்ட அணியிற் சிறப்பாக ஆடினார். பின்னர் நகரின் முன்னணிக் கழகங்களுள் ஒன்றான கமர் கழகத்திற்கும் ஆடினார். பட்டம் பெற்ற பின் அவர் மேற்கொண்ட தொழில் ஆசிரியத் தொழில். கச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களிலிருந்த பாடசாலைகளிற் கற்பித்தார். உடற்பயிற்சிக் கல்வியையும் முறையாகப் பயின்று தேறினார். ஆட்டக்காரராக அவர் பெற்ற புகழ் ஐதராபாத்தின் எல்லைக்குள் அடங்கியதே. ஆனால் வகுப்பறையிற் கைவந்த பொறுமையையும் ஒழுங்கையும் மைதானத்திற்குக் கொண்டு சென்றபோதுதான் அவருடைய உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது.

1940களில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பதவியை ஏற்ற ரஹீம், புதுமையான போட்டிகள் சிலவற்றை அங்கே நடத்தினார். ஒருவகைப் போட்டியில், பந்தைக் காலிலே வைத்துக்கொண்டு எதிராளிகளை ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்வது தடுக்கப்பட்டது. பந்து கிடைத்ததும் தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். வேறொரு வகையில், வலிமை குன்றிய காலினால் மாத்திரமே பந்தை உதைக்கலாம். வலக்காற் பழக்கமுள்ளவன் இடக்காலால் ஆடித் தடுமாறினான்; பார்த்தோர் நகைத்திருக்கவுங் கூடும். ஆனால் அத்தடுமாற்றத்திலிருந்தே இரு கால்களையும் சமமாகப் பயன்படுத்தும் ஒரு தலைமுறை எழுந்தது. இயற்கையாகவே வருவதை மேலும் மெருகிடுதல் எளிது. வராததைப் பொறுமையோடு வரச்செய்வதே ஆசிரியனின் வேலை என்பதை ரஹீம் நன்குணர்ந்திருந்தார்.

அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. கல்கத்தாவின் பெரிய கழகங்களே உதைபந்தாட்டத்தின் உறைவிடம் என எண்ணப்பட்ட காலம் அது. இந்திய அணியின் பொறுப்பும் ரஹீமிடம் வந்தது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1–0 என வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது.

வெற்றியை அடுத்துப் பெருந்தோல்வியும் வந்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியா இந்தியாவை 10–1 எனத் தோற்கடித்தது. அக்குளிர் நாட்டில் எம்மவரைப் போலவே வெறுங்காலுடன் ஆடிப் பழகிய இந்திய வீரர் பலர் திகைத்து நின்றனர். அதன் பின்னரே இந்திய வீரர்களுக்குக் காலணி கட்டாயமாயிற்று. அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டமுறையை ரஹீம் உன்னிப்பாகக் கற்றார். பழைய வரிசைமுறைகளை மாற்றித் தம் வீரர்களுக்கேற்ப அமைத்தார். தோல்வியிற் புலம்பாது பாடம் படித்த அவ்வாசிரியரின் உழைப்பு நான்கே ஆண்டுகளிற் பலன் தந்தது. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் இந்தியா அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என வென்றது; நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதிக்கு முன்னேறிய முதலாவது ஆசிய நாடு என்ற பெருமை கிட்டியது. முடிவில் இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது.

1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கிலே பிரான்சை 1–1 என இந்தியா சமன் செய்தது. அவ்வணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆயினும் தந்தை பயிற்சியாளர் என்ற காரணத்தால் அவருக்குச் சலுகை எதுவும் கிட்டவில்லை; களத்தில் இறங்காமலே தாயகம் திரும்பினார்.

இனி, 1962ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா. அப்பொழுது ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதலாட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 என இந்தியா தோற்றது. தாய்லாந்தை 4–1 எனவும் யப்பானை 2–0 எனவும் வென்று அணி தலைநிமிர்ந்தபோது, பின்வரிசையின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையிற் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவரை முற்றாக ஒதுக்கிவிடாமல், முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார் ரஹீம். அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என வென்றபோது ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் போட்டார்.

இறுதியாட்டம் செப்டெம்பர் 4ஆம் நாள். எதிரணி முன்னர் தோற்கடித்த அதே தென்கொரியா. இஸ்ரவேலரும் தாய்வான் நாட்டவரும் அவ்விழாவுக்கு அனுமதிக்கப்படாமையை இந்தியப் பிரதிநிதியொருவர் கண்டித்திருந்தமையால், மைதானத்தை நிறைத்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் தமக்கு ஆதரவாக ஆரவாரித்ததை இந்திய வீரர்கள் பிற்காலத்திலும் நன்றியோடு நினைவுகூர்ந்தனர். காய்ச்சலிலிருந்து எழுந்த உயரமான பீற்றர் தங்கராஜைக் கோல் காப்பாளராக நிறுத்தினார் ரஹீம். மதராஸ் படைப்பிரிவில் ஆடிப் பெயர் பெற்ற அவ்வீரர், தம் ஆசிரியர் வைத்த நம்பிக்கையைக் காத்தார். பி. கே. பானர்ஜியும் தலையிற் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் முற்பாதியிலேயே கோல் போட்டனர். கொரியாவால் ஒன்றை மாத்திரமே திருப்ப முடிந்தது. 2–1! நோயுற்ற ஆசிரியர் தம் மாணாக்கரிடம் வேண்டி நின்ற ஒரே காணிக்கை அதுதான். அதனை அவர்கள் செலுத்திவிட்டனர்.

ஒன்பது மாதங்களின் பின், 1963 யூன் 11ஆம் நாள் ரஹீம் காலமானார். அதன்பின் ஆசிய விழாவில் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவேயில்லை. 1970இல் ஒரு வெண்கலம் கிடைத்ததோடு சரி. தனியொருவர் மறைந்ததால் ஒரு நாட்டின் ஆட்டமே தாழ்ந்ததென்று கூறுதல் மிகையாகலாம். ஆனால் ஆட்டக்காரரைப் போற்றிய அளவுக்கு ஆசிரியர்களை உருவாக்க மறந்த நாடு எதை இழக்கும் என்பதற்கு இது தக்க எச்சரிக்கையன்றோ? அவர் கதையை ஓர் இந்தித் திரைப்படம் 2024இல் நாடறியச் செய்வதற்கு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

வாலிப அன்பர்களே! எம்மில் ஒவ்வொருவருக்கும் வலிமை குன்றிய ஒரு கால் உண்டு. அதனை மறைத்து வைத்துக்கொண்டே வாழ்நாள் முழுவதும் ஆடிவிடலாம் என எண்ணுகின்றோம். அதனைக் கண்டறிந்து, கடிந்து, பழக்கி விட எல்லைக்கோட்டருகே ஒருவர் நிற்பாராயின், அவர் கையிற் கிண்ணம் இல்லாவிடினும் அவரை அடையாளங் கண்டு வணங்குவோமாக. பெரியோர்களே! அப்படி நிற்பவர்களாக நீங்கள் இருக்க வேண்டுமென்பதே எமது பணிவான வேண்டுகோள்.