எல்லிஸ் துரையும் காணியாட்சியும்

ஊர்ப் பொதுநிலத்தைப் பற்றிப் பங்காளிகளுக்குள் எழும் வழக்கை எவ்வாறு விசாரிப்பது என்று அறிய விரும்புவோர் பிரான்ஸிஸ் வைட் எல்லிஸ் துரையின் சரித்திரத்தை அறிதல் நலம். 1777-ல் பிறந்த அவர், 1796-ல் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்து, 1810-ல் சென்னைக் கலெக்டரானார்.

அக்காலத்துத் தொண்டைமண்டலத்தில் கிராமம் என்பது தனியொருவர் சொத்தன்று. அது பல பங்குகளாக வகுக்கப்பெற்று மிராசுதாரர் பலருக்கு உரியதாயிருந்தது. நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு காலந்தோறும் மாற்றி அனுபவிப்பது பசுங்கரை. நிரந்தரமாகப் பிரித்துக்கொள்வது அறுதிக்கரை. தீர்வையையே கருதிய கம்பெனி ஸர்க்காருக்கு இவ்வுரிமை விளங்கவில்லை. மிராசு என்பது யாதென 17 கேள்விகளை விடுத்தது.

எல்லிஸ் ஊகத்தால் விடை கூறினாரில்லை. தமிழும் வடமொழியும் கற்றவராதலின், சிரஸ்தேதார் சங்கரய்யாவின் துணைகொண்டு பழைய கிரய சாஸனங்களை ஆராய்ந்து, தர்மசாஸ்திரத்தோடும் ஊர்வழக்கத்தோடும் ஒப்பிட்டார். பங்கை விற்கவும் ஒற்றி வைக்கவும் கூடுமாதலின் மிராசு மெய்யான சொத்துரிமையே என்று நிலைநாட்டினார். அவ்விடைகள் 1818-ல் சென்னையில் அச்சாயின. மறு ஆண்டே இராமநாதபுரத்தில், தவறுதலாக விஷத்தை உட்கொண்டு அவர் மாண்டார்.

எனினும் ஒன்று நினைக்கத்தக்கது. சாஸனம் உடையவனுக்கே சாட்சி சொல்லும். நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட பண்ணையடிமைகளின் பேரில் எந்தப் பத்திரம் எழுதப்பட்டது? அந்த நிலம் விளைந்தது அவர்களுடைய உழைப்பினாலன்றோ! ஆதலின், பத்திரத்தை அவ்வூர் மொழியிலும் வழக்கத்திலும் வைத்துப் படிப்பது எல்லிஸ் காட்டிய வழி. அப்பத்திரத்தில் பெயர் காணாதவரையும் அழைத்து விசாரிப்பது அவ்வழியில் அடுத்த படி. இரண்டும் கூடினாலன்றித் தீர்ப்பு நீதியாகாது.