மானிப்பாய் மருத்துவர் கிரீன்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் ஒரு கணக்குச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அக்கணக்கு. நகரங்களில் இந்நான்கும் ஓரிடத்தில் கிடைக்கும். ஒதுங்கிய சிற்றூர்களிலோ முதலாவது மட்டுமே தவறாமல் இருக்கும். மற்ற மூன்றும் எங்கோ தொலைவில் இருக்கும். கட்டடம் எழுப்பிவிடலாம், மருந்தும் அனுப்பிவிடலாம். ஆனால் அந்த ஊரிலேயே தங்கி வாழும் மருத்துவரை எங்கிருந்து கொண்டு வருவது? இந்த வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் ஒருவர். அவர் தமிழரல்லர், தமிழ் கற்று, தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர். அவர்தாம் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கிரீன் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிரீன், பிற்காலத்தில் நியூயார்க் மாநகரத்தை இன்றைய வடிவில் ஒன்றிணைத்த பெருமைக்குரியவர். தம்பியாரும் நியூயார்க்கிலேயே மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தொழில் நடத்தியிருந்தால் வாழ்வு வளமாகவே கழிந்திருக்கும். ஆனால் சமயத் தொண்டில் ஆழ்ந்த பற்றுடைய அந்த இளைஞர், அமெரிக்க மிஷனில் சேர்ந்து கடல் கடந்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அன்றைய யாழ்ப்பாணம் எப்படி இருந்தது? கொழும்பிலிருந்து இரயில் வண்டி அங்கே வந்ததே 1905இல்தான். கொழும்பு நகரம் பல நாள் பயணத் தொலைவில் இருந்தது. வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி வந்து ஊர்களைச் சூறையாடின. அமெரிக்க மிஷன் 1816 முதல் அங்கே பணியாற்றி வந்தது. அதன் முதல் மருத்துவர் டாக்டர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்து, பின்னர்ச் சென்னைக்குச் சென்றார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தியே. ஸ்கடருக்குப் பின் டாக்டர் நேதன் வார்டு. வார்டுக்குப் பின் வந்தவர் கிரீன். மானிப்பாய் என்னும் ஊரில் அவர் மருத்துவமனை அமைத்தார்.

வந்த சில நாளிலேயே அவருக்கு ஓர் உண்மை விளங்கிவிட்டது. இரவு பகலாக உழைத்தாலும் ஒரு மருத்துவர் ஒரு மருத்துவரே. ஊருக்கு ஒருவர் வேண்டும். அவர்கள் அந்த மண்ணின் மைந்தர்களாகவே இருத்தல் வேண்டும். எனவே 1848இலேயே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பைத் தொடங்கிவிட்டார். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்துத் தேறியவர்களுக்கு ஆங்கிலம் நன்கு தெரியும். ஆகவே பாடமும் ஆங்கிலத்திலேயே நடந்தது.

மாணவர்கள் நன்றாகவே படித்தார்கள். நல்ல மருத்துவர்களாகவும் வெளிவந்தார்கள். ஆனால் கிரீன் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஆங்கிலம் அறிந்த மருத்துவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. மாதச் சம்பளமும் மதிப்பும் இருந்தன. சிற்றூரில் நோயாளி கொடுக்கும் சிறு காணிக்கையை நம்பி யார் இருப்பார்? அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவர்களை நம்பியிருந்தனர். எனினும், எந்த ஊருக்காக மருத்துவர் உருவாக்கப்பட்டாரோ அந்த ஊர் முன்போலவே வெறுமையாய் இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரிக்கும் இதே கதைதான். அங்கே பெற்ற ஆங்கிலக் கல்வி மாணவர்களை மிஷன் பணிக்கு அனுப்பாமல் உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்று கருதிய மேலிடத்தார், 1855இல் அதை மூடிவிட்டனர்.

பத்தாண்டு உழைப்புக்குப் பின் ஓய்வுக்காகத் தாயகம் சென்ற கிரீன், 1862இல் மனைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். வரும்போதே ஒரு முடிவோடு வந்தார் என்று சொல்லலாம். இரண்டே ஆண்டில், 1864இல், மருத்துவ வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழிற் படித்தவர் தமிழ் பேசும் ஊரிலே தங்குவார். நோயாளிக்கு நோயை விளக்குவார். தாம் கற்றதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுவார். இதுவே அவருடைய கணிப்பு.

இன்று கேட்டாலே பலர் தயங்கும் செயல் இது. அன்று தயக்கம் இன்னும் மிகுதி. உத்தியோகத்துக்கு வழிகாட்டும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் மருத்துவம் படிப்பதால் என்ன பயன் என்பது மாணவர் கேள்வி. உடற்கூற்றையும் இரண சிகிச்சையையும் சொல்லத் தமிழில் சொல் ஏது, நூல் ஏது என்பது கற்றோர் கேள்வி. முதற்கேள்விக்குக் கிரீனிடம் முழு விடை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவதற்கு அவர் வாயால் விடை சொல்லவில்லை, நூல்களாலேயே சொன்னார்.

பிரசவ வைத்தியம் 1857இலேயே வந்திருந்தது. பின்னர் 1867இல் இரண வைத்தியம் வந்தது. 1872இல் இரண்டு பெருநூல்கள் வெளிவந்தன: உலகமெங்கும் மருத்துவ மாணவர் கையில் தவழும் கிரே எழுதிய உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரிலும், ஹூப்பரின் மருத்துவக் கையேடு வைத்தியாகரம் என்ற பெயரிலும் தமிழாயின. ஒவ்வொன்றும் 800 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதன்பின் இரசாயன நூலாகிய கெமிஸ்தம் 1875இலும், உடலியங்கியல் நூலாகிய மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் 4000 பக்கங்களைத் தாண்டும்.

இவை ஒருவர் கைவேலை அல்ல. சாப்மன், டான்வர்த் முதலிய மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். கிரீன் அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். பெயரைக் கண்டு அவர்களை வெள்ளையர் என்று எண்ணிவிட வேண்டா. மிஷன் பள்ளிகளில் அமெரிக்கப் பெயர் பெற்ற யாழ்ப்பாணத் தமிழர்களே அவர்கள்.

கலைச்சொல் ஆக்கத்தில் கிரீன் வைத்திருந்த முறை நம் சங்கத்தார் அறிந்துகொள்ளத் தக்கது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. தமிழில் இல்லையெனில் வடமொழியை நாடுவது. அங்கும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்வது. கெமிஸ்தம் என்ற பெயர் இந்த மூன்றாம் வழியிற் பிறந்தது. அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் போன்ற சொற்கள் இன்று வழக்கில் இல்லை. உடற்கூற்றியல், உடலியங்கியல், சுகாதாரம் என்று நாம் வேறு சொற்களை வழங்குகிறோம். ஆயினும் முள்ளும் கல்லும் நிறைந்த காட்டில் முதலில் ஒற்றையடிப் பாதை போட்டவரை, பின்னால் வந்த நாம் மறக்கலாமா?

அவர் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட நூல்களுள் வேரிங் தொகுத்த இந்திய மருந்து நூலும் ஒன்று. நம் நாட்டில் விளையும் மருந்துப் பொருள்களின் குணத்தை அது கூறுவது. சீமையிலிருந்து கப்பலில் வரும் சீசாவை எதிர்பார்த்திருக்கும் மருத்துவர், சீசா வராத மாதத்தில் என்ன செய்வார்? வேலியிலும் கடைத்தெருவிலும் கிடைக்கும் பொருளின் பயனை அறிந்தவரே சிற்றூரில் நிலைத்து நிற்க முடியும். மொழி, மருந்து இரண்டையும் உள்ளூரிலேயே தேடிக்கொள்ளச் செய்தது கிரீனின் கல்வி முறை. தம் மாணவர்கள் மேனாட்டு உடையும் நடையும் பூண்டு ஊராரிடமிருந்து விலகி நிற்பதையும் அவர் விரும்பவில்லை.

அவருடைய நோக்கம் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவரும் அதை மறைத்ததில்லை. மருத்துவத்தைச் சமயப் பணியின் ஒரு கையாகவே அவர் கருதினார். அந்த நோக்கத்தை ஏற்பவரும் இருப்பர், ஏற்காதவரும் இருப்பர். ஆனால் கால் நூற்றாண்டில் அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர் என்பதையும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர் என்பதையும் இருசாராரும் ஏற்றே ஆகவேண்டும்.

உடல் தளர்ந்த நிலையில் 1873இல் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டு வூஸ்டருக்குத் திரும்பினார். தமிழ்ப்பணி அப்போதும் நிற்கவில்லை. மானிப்பாயிலிருந்து கையெழுத்துப் படிகள் கப்பலேறி அமெரிக்கா சென்றன. திருத்தம் பெற்று மீண்டும் கப்பலேறி வந்தன. 1884 மே 28ஆம் நாள் அவர் மறைந்தார். தம் கல்லறையில் தம்மைத் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று குறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. கொழும்பில் 1870இல் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகமும் அந்த வழியிலேயே வந்தது. மாணவரின் முதற்கேள்வி வென்றுவிட்டது என்றே சொல்லவேண்டும். கற்றவர் சிற்றூரில் வாழ்வதற்கான ஊதியத்தையும் மதிப்பையும் சமுதாயம் தராதவரை, மொழி மட்டும் அவரைக் கட்டி நிறுத்திவிடாது. கிரீனின் வாழ்க்கை கற்பிக்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை மானிப்பாயில் இருக்கிறது. நூல்களும் இருக்கின்றன.

2022இல் போபாலில் இந்தி மொழியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியானபோது, இது முடியுமா முடியாதா என்று நம் விடுதிகளிலும் வாதம் நடந்தது. முடியும் என்பதைத் தமிழ் 150 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. நம்முன் நிற்பது வேறொரு கேள்வி. தாய்மண்ணை விட்டு வந்து, பெருநகரில், பிறமொழியிற் கற்கும் நம்மில் எத்தனை பேர், கற்றதை நம் ஊர்க் கிழவிக்கு அவள் மொழியில் சொல்ல ஆயத்தமாக இருக்கிறோம்? அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியைக் கற்றுக்கொண்டு அதைச் செய்தார். நமக்கு அந்த மொழியைக் கற்கும் தொல்லைகூட இல்லை.