ரொட்டியும் தேயிலையும் இருந்தால் போதும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வளாகத்து லிஃப்டில் நடக்கும் பேச்சே வேறு. எந்த மலை, எந்த ரிசார்ட், அறையில் கெட்டில் உண்டா, ஜெனரேட்டர் உண்டா? கேம்பிங் போகிறோம் என்பவர்கள்கூட கார் டிக்கி மூடாத அளவுக்குச் சாமான் ஏற்றுகிறார்கள். அதில் தப்பில்லை. குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகிறவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். இருந்தாலும் அடுத்த பயணத்துக்கு நீங்கள் பை கட்டுவதற்கு முன்பு ஒருவரை அறிமுகப்படுத்த ஆசை. அவர் மலைக்குக் கிளம்பும்போது எடுத்துக்கொண்டது கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் தேயிலை, ஒரு நோட்டுப் புத்தகம். பல நேரங்களில் போர்வைகூடக் கிடையாது. அவர் பெயர் ஜான் மியூர். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று.

மியூர் 1838 ஏப்ரல் 21 அன்று ஸ்காட்லாந்தின் டன்பார் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அவருக்குப் பதினொரு வயதானபோது, 1849இல், குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டுப் பகுதிக்குக் குடியேறியது. அப்பா பக்திமான், ஆனால் மகா கண்டிப்பானவர். பைபிளின் பெரும்பகுதியை அடிபட்டே மனப்பாடம் செய்த பிள்ளை அவர்.

புதுப் பண்ணையில் கிணறு வெட்ட வேண்டியிருந்தது. பத்தடிக்குக் கீழே பாறை. உளியையும் சுத்தியலையும் கொடுத்து மகனை உள்ளே இறக்கிவிட்டார் அப்பா. மாதக்கணக்கில் தினமும் காலை முதல் இருட்டும்வரை தனியாகக் கொத்தினார் அந்தப் பையன். எண்பதடி ஆழத்தில் ஒருநாள் காலை, இரவில் தேங்கியிருந்த விஷவாயு தாக்கி மயங்கிச் சாயப் போனார். மேலே இழுத்துப் போட்டார்கள். உடம்பு தேறியதும் மறுபடி இறக்கினார்கள். தொண்ணூறு அடியில் தண்ணீர் வந்தது. வானத்தைப் பார்த்துப் படுப்பதில் இந்த மனிதர் பிற்பாடு அவ்வளவு சுகம் கண்டதற்கு அந்தக் கிணறும் ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பகல் முழுக்க வேலை, ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். விடியற்காலையில் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்துகொள் என்று அப்பா ஒரு சலுகை தந்தார். பையன் ஒரு மணிக்கே எழுந்து, குளிரில் நிலவறைக்குப் போய் மரத்தில் கடிகாரங்கள் செய்தான். குறித்த நேரத்தில் கட்டிலையே சாய்த்துத் தூங்குபவரை எழுந்து நிற்க வைக்கும் ஒரு யந்திரமும் அதில் பிறந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு அது இன்றைக்கும் தேவைப்படும்.

அந்தக் கைத்திறனால் பல்கலைக்கழகம்வரை போனார், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். பிறகு இண்டியானாபொலிஸ் நகரில் குதிரை வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கெட்டிக்காரர், சம்பளம் நன்றாக வந்தது. அங்கேயே இருந்திருந்தால் பெரிய முதலாளி ஆகியிருப்பார். 1867 மார்ச் மாதம் ஒரு யந்திர வாரைச் சரிசெய்யும்போது கையிலிருந்த அரத்தின் முனை நழுவி வலது கண்ணில் குத்தியது. அந்தக் கண் பார்வை போயிற்று. சில நாட்களில் இடது கண்ணும் மங்கியது. இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வயது இருபத்தெட்டு. பார்வை மெல்லத் திரும்பி வந்தபோது, யந்திரங்களுக்கு இனி நேரமில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

செப்டம்பரில் கிளம்பினார். கென்டக்கியிலிருந்து ஃபுளோரிடா கடற்கரைவரை சுமார் ஆயிரம் மைல், பெரும்பாலும் நடை. பையில் சீப்பு, சோப்பு, துண்டு, மாற்று உள்ளாடை, மூன்று சின்னப் புத்தகங்கள். வழியில் சவான்னா நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது ஊரிலிருந்து அண்ணனோ தம்பியோ அனுப்ப வேண்டிய பணம் வரவில்லை. கையில் இருந்தது சில்லறை. அவர் தேர்ந்தெடுத்த தங்குமிடம் கல்லறைத் தோட்டம். பேய் பயத்தால் திருடர்கள் வரமாட்டார்கள், ஓக் மரங்கள் அழகாக இருக்கின்றன என்பது அவருடைய கணக்கு. பணம் வரும்வரை சில பிஸ்கட்டுகளைத் தின்று பல இரவுகளை அங்கே கழித்தார். ஃபுளோரிடாவில் மலேரியா அடித்துப் போட்டது. கொசுவலையும் மருந்தும் எடுத்துப் போங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் மலேரியா கொசுவால் வருகிறது என்றே யாருக்கும் தெரியாது.

1868இல் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நடந்தே சியரா நெவாடா மலைத்தொடரின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை அடைந்தார். அடுத்த ஆண்டு கோடையில் சுமார் இரண்டாயிரம் ஆடுகளோடு மலைமேல் போகும் வேலை கிடைத்தது. மேய்ப்பன் தனியாக உண்டு, இவர் மேற்பார்வைக்கு. செடிகளைப் பார்க்கவும் படம் வரையவும் நிறைய நேரம்.

ஜூலையில் மாவு தீர்ந்தது. முதலாளி அடிவாரத்திலிருந்து சாமான் கொண்டுவருவதற்குத் தாமதம். முகாமில் பட்டினி என்று சொல்ல முடியாது, ஆட்டுக்கறி வேண்டிய அளவு இருந்தது. வெறும் கறியை எத்தனை நாள் தின்ன முடியும்? வயிறு கெட்டது, தூக்கம் கெட்டது, பார்த்தாலே குமட்டியது. சுற்றிலும் உலகிலேயே அழகான மலை. அதை ரசிக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒரு துண்டு ரொட்டி இல்லாததால் மனசு இப்படிச் சுருங்குகிறதே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. அந்த மலையின் பழங்குடி மக்கள் கிழங்கையும் பெரணித் தண்டையும் விதைகளையும் உண்டு யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்கிறார்களே, நாமும் கற்றிருக்கலாமே என்று எண்ணினார். அதே மக்களைப் பற்றி அந்த நாட்களில் அவர் இளக்காரமாகவும் எழுதியிருக்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. முதலாளி மூட்டையோடு வந்து சேர்ந்ததும் ரொட்டி சுட்டுத் தின்ற பிறகுதான் மலை மறுபடி மலையாகத் தெரிந்தது.

எளிமை என்று பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இதுதான் பிடித்த இடம். எது இல்லாமல் இருக்கலாம், எது இல்லாமல் இருக்க முடியாது என்பதை அவர் தத்துவமாகத் தெரிந்துகொள்ளவில்லை, வயிற்றால் தெரிந்துகொண்டார். அதன்பின் ரொட்டியும் தேயிலையும் அவர் பையைவிட்டுப் போனதே இல்லை.

பள்ளத்தாக்கில் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, தானே ஒரு மரக்குடில் கட்டினார். பக்கத்து ஓடையிலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி, அறையின் ஒரு மூலை வழியாகத் தண்ணீர் ஓடும்படி செய்தார். படுத்தால் நீர்ச்சத்தம். தரைக்கல் இடுக்கில் பெரணி முளைத்தது, தவளைகளும் வந்தன. நம் குடியிருப்பில் சுவரில் ஈரம் தெரிந்தாலே புகார்ப் புத்தகம் நிரம்பிவிடும்!

1871இல் அமெரிக்காவின் பெரும் சிந்தனையாளர் எமர்சன் அங்கே வந்தார். வயது அறுபத்தேழு முடியப் போகிறது. மில் தொழிலாளியான மியூர் அவரைத் துணிந்து அழைத்தார்: மாரிபோசா தோப்பில், ஆயிரம் வயதைத் தாண்டிய செக்கோயா மரங்களின் அடியில், ஓர் இரவு முகாம். பெரியவருக்கும் ஆசைதான். கூட வந்தவர்கள் விடவில்லை. ராத்திரிப் பனி ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும், என்ன அவசரம் என்றார்கள். எல்லா ஊரிலும் ஒரே வசனம்தான். தோப்பைப் பார்த்துவிட்டு அவர்கள் தங்கும் விடுதிக்குக் கிளம்பினார்கள். கடைசியாகப் போன எமர்சன் மேட்டின் உச்சியில் குதிரையை நிறுத்தி, திரும்பி, தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டு மறைந்தார். மியூர் அன்றிரவு அங்கேயே தனியாக நெருப்பு மூட்டிப் படுத்தார். மலையில் தனிமையை அவர் உணர்ந்த அபூர்வமான சில மணி நேரங்களில் அது ஒன்று.

அதற்குப் பின் வந்த சாகசங்களுக்கு இந்த இதழ் போதாது. 1874இல் புயலடிக்கும்போது நூறடி மரத்தின் உச்சியில் ஏறி, மணிக்கணக்கில் ஊஞ்சலாடினார். 1875இல் ஷாஸ்தா மலையுச்சியில் பனிப்புயலில் மாட்டி, வெந்நீர் ஊற்றுச் சேற்றில் படுத்து, ஒரு பக்கம் வெந்தும் மறுபக்கம் உறைந்தும் இரவைக் கழித்தார். இந்த இரண்டையும் நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

1880இல் லூயியைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனாருக்கு மார்ட்டினெஸ் ஊரில் பெரிய பழத்தோட்டம். இரண்டு பெண் குழந்தைகள். திராட்சையும் பேரிக்காயும் விளைவித்து, பேரம் பேசி, நன்றாகச் சம்பாதித்தார். வாழ்நாளுக்குப் போதுமான பணம் சேர்ந்தது. உடம்பு இளைத்தது, இருமல் விடவில்லை. பேனா கிட்டத்தட்ட ஓய்ந்தே போனது. மியூரின் கதையைச் சொல்பவர்கள் இந்தச் சில ஆண்டுகளை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு மலையுச்சி மியூரைவிட இந்த மியூரைத்தான் நன்றாகப் புரியும். குடும்பத்துக்காக உழைத்தார், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஆள் கரைந்துகொண்டிருந்தார்.

லூயிக்கு மலை ஒத்துவராது. 1884இல் கணவரோடு யோசெமிட்டிக்குப் போனார். ஏறுவது கஷ்டம், கரடி பயம், வீட்டில் விட்டுவந்த குழந்தையின் நினைப்பு. பிறகு அப்படி ஒரு பயணம் போகவில்லை. அப்படிப்பட்டவர்தான் 1888இல், மியூர் வடக்கே ரெய்னியர் மலைப்பக்கம் போயிருந்தபோது, அவருக்குக் கடிதம் எழுதினார். உங்களையே பலி கேட்கும் தோட்டம் வேண்டாம், விற்றாலும் சரி, குத்தகைக்கு விட்டாலும் சரி, நீங்கள் திடமாக இருந்து எழுத வேண்டியதை எழுதுங்கள் என்பது அதன் சாரம். தனக்குப் பிடிக்காத ஒன்று கணவருக்கு மூச்சு என்று கண்டுகொண்ட மனுஷி. ஐம்பது வயதில் மியூர் அந்தப் பயணத்தில் ரெய்னியர் சிகரம் ஏறினார். பிறகு தோட்டத்தின் பகுதிகள் விற்பனைக்கும் குத்தகைக்கும் போயின.

அடுத்த ஆண்டே ஒரு பத்திரிகை ஆசிரியரோடு மலைப்புல்வெளியில் முகாம். ஆடுகள் மேய்ந்து மொட்டையான நிலத்தைக் காட்டினார். ஒரு காலத்தில் அவருக்குச் சோறு போட்டதும் அந்த ஆடுகள்தான்! அந்தப் பேச்சிலிருந்து வந்த கட்டுரைகள் உதவ, 1890 அக்டோபர் 1 அன்று யோசெமிட்டி தேசியப் பூங்கா சட்டமானது. 1892இல் சியரா கிளப் தொடங்கியது. கடைசிவரை அவரே தலைவர்.

1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வந்தார். எமர்சனுக்குக் கிடைக்காத இரவு அவருக்குக் கிடைத்தது. அதே மாரிபோசா தோப்பில் முதல் இரவு. மறுநாள் உயரமான முகட்டில் படுத்தார்கள்; விடியும்போது போர்வைமேல் பனி கொட்டிக் கிடந்தது. ஜனாதிபதிக்குப் பரம சந்தோஷம். கீழே பள்ளத்தாக்கில் அவருக்காக விருந்தும் வாணவேடிக்கையும் ஏற்பாடாகி இருந்தன. அவற்றை விட்டுவிட்டு மூன்றாம் இரவும் திறந்தவெளிக்கே போய்விட்டார். ஏற்பாடு செய்த கமிட்டிக்காரர்களின் முகத்தை நினைத்தால், சங்க வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது. ஆனால் நெருப்போரம் பேசிய பேச்சு வீண்போகவில்லை. மாநிலத்தின் கையில் இருந்த பள்ளத்தாக்கும் அந்தத் தோப்பும் 1906இல் தேசியப் பூங்காவோடு சேர்ந்தன.

அதே 1903இல் உலகப் பயணம் கிளம்பிய மியூர் இந்தியாவுக்கும் வந்து, இமயத்துத் தேவதாரு மரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். 1905இல் லூயி இறந்தார். பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அணை கட்டக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நமக்கு நகரத்தின் பக்கமும் புரியும். 1913 டிசம்பரில் அணைக்கான சட்டம் கையெழுத்தானது. மியூர் தோற்றார்.

ஓராண்டு கழித்து, பாலைவனத்து ஊரில் இருந்த இளைய மகளைப் பார்க்கப் போன இடத்தில் நிமோனியா கண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1914 டிசம்பர் 24 அன்று, எழுபத்தாறு வயதில், காலமானார். கட்டிலின்மேல் அலாஸ்கா பயணங்களைப் பற்றி அவர் திருத்திக்கொண்டிருந்த கையெழுத்துப் பக்கங்கள் கிடந்தன. லூயி எழுதச் சொன்ன அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது.